தரையைப் பார்த்துப் பாய் வாங்குங்கள்

சென்னை கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தரை என்றாலே சூடுதான். சித்திரை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கும் மொட்டை மாடியில் வெறுங்கால் வைக்க முடியாது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, ஆவி அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கோரைப் பாயை விரிப்போம். காசிமேட்டுப் பக்கமிருந்து கடல்காற்று எழுந்தால் கோரையின் இடுக்கில் புகுந்து முதுகைத் தொடும். மீன் வாடையும் கூடவே வரும், அது வேறு விஷயம். பாயைப் பற்றி நமக்குப் பரம்பரையாகத் தெரிந்ததெல்லாம் இவ்வளவே: உடம்புச் சூட்டைத் தங்கவிடாமல் வெளியே அனுப்புவதே நல்ல பாய்.

மலைக்கு எடுத்துப்போகும் பாய்க்கு நேர்மாறான வேலை. உடம்புச் சூட்டை அது தரைக்கு விடவே கூடாது. சென்னைக்காரர்கள் முதல் முகாமில் நடுங்கிப்போவதற்குப் பாதிக் காரணம் இந்த வித்தியாசம் தெரியாததுதான். இன்னொரு பாதி, தெரிந்தும் செலவுக்கு யோசிப்பது.

நானும் நடுங்கியவன்தான். கொழுக்குமலைப் பக்கம், சுமார் ஏழாயிரம் அடி உயரம், டிசம்பர் மாதம். கூடாரத்தை ஏற்பாடு செய்தவர்கள் கீழே விரிக்க ஒரு தார்ப்பாய் மட்டும் கொடுத்தார்கள். அதன்மேல் என் யோகா மேட். கனம் ஆறு மில்லிமீட்டர் இருக்கும். மேலே இரண்டு கம்பளி. நள்ளிரவில் முதுகு ஜில்லிட்டது. பக்கத்தில் படுத்திருந்தவரிடம் கெஞ்சி மூன்றாவது கம்பளி வாங்கிப் போர்த்தினேன். நெஞ்சு வியர்த்தது, முதுகு மட்டும் அப்படியே உறைந்துகிடந்தது. மூன்று மணிக்குப் பொறுக்க முடியாமல் எழுந்து, பையில் இருந்த பழைய தினத்தந்தி முழுவதையும் பிரித்து யோகா மேட்டுக்கு அடியில் அடுக்கி, மூன்று கம்பளிகளில் இரண்டைக் கீழே போட்டு, ஒன்றை மட்டும் போர்த்திப் படுத்தேன். விடியும்வரை தூங்கினேன். போர்வை குறைந்ததும் குளிர் குறைந்தது! அந்த ராத்திரி கற்றதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

காசிமேட்டுப் பெட்டி சொல்லும் பாடம்

காசிமேட்டிலிருந்து வெளியூருக்கு மீன் போகும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கையில் எடுத்தால் எடையே இருக்காது. ஐஸைப் போட்டு மூடி டேப் ஒட்டிவிட்டால், நெடுந்தூரம் போய் இறங்கும்போதும் உள்ளே ஐஸ் மிச்சமிருக்கும். தெர்மாகோலில் பெரும்பகுதி காற்று. ஆனால் அந்தக் காற்று சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டு அசையாமல் கிடக்கிறது. வெப்பத்தைத் தடுப்பது அந்த அசையாத காற்றுதான்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். கம்பளிக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்கும் இதமாக இருக்கும் குணம் வருவது, இழைகளுக்கு இடையே நிற்கும் காற்றால். அவற்றின்மீது நீங்கள் படுத்ததும் அறுபது எழுபது கிலோ எடையில் முதுகுப்பக்கம் நசுங்கி, காற்று வெளியேறிவிடுகிறது. ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பேக்கானாலும் உங்களுக்குக் கீழே இருக்கும் பாகம் வெறும் துணிதான். அதனால்தான் நசுங்காத ஒன்று அடியில் வேண்டியிருக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கில் “சுகமான வெப்பநிலை 0 டிகிரி” என்று அச்சிட்டிருக்கிறதே, அந்தச் சோதனையே ஒரு கெட்டியான மேட்டை அடியில் போட்டுத்தான் நடக்கிறது. கோரைப் பாயில் படுத்துக்கொண்டு அந்த எண்ணை நம்பினால் பழி பேக்கின் மேல் விழும்.

காற்று அடைபட்டிருந்தால் மட்டும் போதாது, அசையாமலும் இருக்க வேண்டும். குளத்தில் மிதக்கவிடும் ஊதல் மெத்தைக்குள் காற்றுதான் இருக்கிறது. ஆனால் அது ஒரே பெரிய அறை. மேல்பக்கம் உங்கள் உடம்பால் சூடாகும் காற்று, நீங்கள் புரளும்போதெல்லாம் கீழ்ப்பக்கக் குளிர் காற்றோடு கலந்துவிடும். பத்து சென்டிமீட்டர் உயரத்தில் மெத்தென்று படுத்தாலும், குளிர் நாளில் தரையைவிடக் கொஞ்சமே மேல். அதனால் “கனமான மெத்தை, இதமாகத்தான் இருக்கும்” என்ற கணக்கு இங்கே செல்லாது. மெத்தென்று இருப்பது வேறு, இதமாக இருப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனியே காசு கொடுக்கிறோம்.

ஆர்-வேல்யூ என்ற ஒற்றை எண்

வெப்பத்தைத் தடுக்கும் திறனுக்கு ஆர்-வேல்யூ என்று ஓர் எண் உண்டு. எண் கூடக்கூடத் தடுப்பு கூடும். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கு அளந்து தன் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. 2018இல் அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் அமைப்பு, மேட்டுகளுக்கென்றே எஃப்3340 என்ற சோதனை முறையை வெளியிட்டது. மேட்டை மேலும் கீழும் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைப்பார்கள். மேல் தகடு உடம்பைப்போல 35 டிகிரி, கீழ்த் தகடு குளிர்ந்த தரையைப்போல 5 டிகிரி. மேல் தகட்டின் சூடு இறங்காமல் இருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். கொஞ்சம் மின்சாரம் போதுமானால் ஆர்-வேல்யூ அதிகம். இந்த முறை வந்தபிறகுதான் ஒரு கம்பெனியின் 3ஐ இன்னொரு கம்பெனியின் 3ஓடு ஒப்பிட முடிகிறது. அட்டையில் ஏஎஸ்டிஎம் என்ற பெயர் இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் பாதி நம்புங்கள். எண்ணே இல்லாமல் “சூப்பர் வார்ம்” என்று இருந்தால் அதுவும் வேண்டாம்.

எண் எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தோராயமாக ஒரு கணக்கு. தூங்கும் மனித உடம்பு சுமார் எழுபது எண்பது வாட் சூட்டை உண்டாக்குகிறது; அந்தக்கால குண்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்தால் அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவான பரப்பு தரைப்பக்கம் அழுந்துகிறது. மேலே 35, கீழே 5 என்ற அதே கணக்கில், ஆர்-வேல்யூ 1 உள்ள மேட் வழியாக எழுபது வாட்டை ஒட்டிப் போகும். அதாவது உடம்பு உண்டாக்குவதில் ஏறக்குறைய எல்லாமே தரைக்குத் தானம். 4 என்றால் பதினேழு பதினெட்டு வாட்தான் போகும். ஒன்றிலிருந்து நான்குக்குப் போவதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. நான்கிலிருந்து எட்டுக்குப் போனால் மிச்சமாவது ஒன்பது வாட்டுக்குள். காசு செலவழிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி: ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எண்கள் கூட்டலாகும். 2 உள்ள ஃபோம் மேட்டின்மேல் 3 உள்ள காற்று மேட்டைப் போட்டால் 5 (இந்த வகைகளைப் பின்னால் பார்ப்போம்). குளிர் ஊருக்கென்று தனியாக ஒன்று வாங்காமல் இருப்பதைக் கொண்டே சமாளிக்க வழி இதுதான்.

மொட்டை மாடியில் ஓர் ஐஸ் சோதனை

எண்களை நம்பாத நண்பர்களுக்காக ஒருமுறை எங்கள் மாடியிலேயே சோதனை வைத்தேன். கல்மண்டபத்தில் குளிர் கிடைக்காது, ஐஸ் கிடைக்கும். காசிமேட்டில் உடைத்த ஐஸ் நான்கு கூடை கேட்டபோது அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மீனு எங்க சார்?”

“மீன் இல்லண்ணே. படுக்கறதுக்கு.”

“இன்னாது? ஐஸ் மேல படுக்கப் போறியா? வூட்ல சண்டையா?”

பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்து, ஐஸைக் கையளவு உயரத்துக்குப் பரப்பி, மேலே இன்னொரு ஃப்ளெக்ஸைப் போட்டு மூடினோம். ஒவ்வொரு மேட்டிலும் பனியன் போட்ட ஒருவர் இருபது நிமிடம் படுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கோரைப் பாயில் படுத்தவர் இரண்டு நிமிடத்தில் துள்ளி எழுந்தார். யோகா மேட் ஐந்து நிமிடம் தாங்கியது. ஊதல் மெத்தையில் முதலில் அரசனைப்போலப் படுத்திருந்தவர் பத்தாவது நிமிடம் இடுப்பைத் தடவ ஆரம்பித்தார். இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் மேட்டில் இருபது நிமிடமும் ஓடியது, கடைசியில் தோள்பட்டையிலும் புட்டத்திலும் மட்டும் லேசான சில்லிப்பு. ஃபோமின்மேல் காற்று மேட் போட்டுப் படுத்தவர் தூங்கியே போனார். அவரை எழுப்பியபோது மாடிக் குழாயில் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு அத்தை படியில் நின்று எங்கள் வாசலைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இது விஞ்ஞானக் கூடத்துச் சோதனை இல்லைதான். ஆனால் வாங்கப்போகிற மேட்டை நான்கு கூடை ஐஸில் சோதிக்கும் வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது. நமக்கு வாய்த்திருக்கிறது, பயன்படுத்திக்கொள்வோம்.

மூன்று ஜாதி

கடையில் கிடைப்பவை மூன்று வகை.

முதலாவது ஃபோம் மேட். ரப்பர் செருப்பு மாதிரியான பொருள்; உள்ளே மூடிய குமிழிகள், அதனால் தண்ணீர் குடிக்காது. சுருட்டுவதும் உண்டு, விசிறிபோல மடிப்பதும் உண்டு. வழக்கமாக அரைக் கிலோவுக்குள் எடை, இரண்டு சென்டிமீட்டர் கனம். நன்கு அறியப்பட்ட தெர்மாரெஸ்ட் இசட் லைட் சோல் 410 கிராம், ஆர்-வேல்யூ 2. முள் குத்தினாலும் கவலையில்லை, தீப்பொறி விழுந்தால் ஒரு பொத்தலோடு போகும். ரயில் பிளாட்பாரத்தில், பேருந்து நிலையத்தில், மதியம் பாறைமேல் உட்கார என்று நாள் முழுவதும் உதவும். குறை இரண்டு: மெத்தென்று இருக்காது; பைக்கு வெளியே கட்டித்தான் தூக்க வேண்டும், ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் உட்காருபவரின் மூக்கில் இடிக்கும். என் கட்சி என்ன என்று கேட்டால், எவருக்கும் முதல் மேட் இதுவாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது, தானாக ஊதிக்கொள்ளும் மேட். உள்ளே குளிக்கும் ஸ்பாஞ்சைப் போன்ற திறந்த குமிழி நுரை, வெளியே காற்றுப் புகாத துணி, ஒரு மூலையில் வால்வு. வால்வைத் திறந்தால் நசுங்கிய நுரை விரிந்து காற்றை உள்ளே இழுக்கும். இதற்கு ஒரு கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் போயிங் விமானக் கம்பெனி ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து அனுப்பியது. அப்படி வேலை இழந்த ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் என்ற பொறியாளர்கள் இருவரும் மலையேறுபவர்கள். தோட்ட வேலையின்போது மண்டியிட்ட நுரைத் திண்டிலிருந்து காற்று வெளியேறுவதை ஆண்டர்சன் கவனித்தார். அந்தக் காற்றை வெளியே விடாமல் அடைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். ஜான் பரோஸ் என்ற நண்பரும் சேர, 1972இல் கேஸ்கேட் டிசைன்ஸ் கம்பெனி தொடங்கி, தெர்மாரெஸ்ட் பிறந்தது. “தானாக” என்ற சொல்லை முழுசாக நம்பாதீர்கள். கடைசியில் இரண்டு மூன்று முறை வாயால் ஊத வேண்டியிருக்கும், வாங்கிய புதிதில் இன்னும் கூடுதலாக. சுருட்டி எடுக்கும்போது முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும், அதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். எடை அதிகம் என்பதால் முதுகில் தூக்கி நடப்பவர்களைவிட வண்டியில் போய் இறங்கி முகாம் போடுபவர்களுக்குப் பொருத்தம். முதுகுவலிக்காரர்களுக்கும் பெரியவர்களுக்கும் இதையே சிபாரிசு செய்வேன்.

மூன்றாவது, வெப்பத் தடுப்பு வைத்த காற்று மேட். குளத்து ஊதல் மெத்தையின் குறையை அறிந்து செய்தது. உள்ளே செயற்கை இழைப் பஞ்சோ, வாத்து இறகோ, வெள்ளித்தாள் போன்ற படலமோ வைத்துக் காற்றை அசையவிடாமல் சின்ன அறைகளாகப் பிரிக்கிறார்கள். படலம் உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் சூட்டையும் திருப்பி அனுப்பும். ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம், எடை நானூறு கிராமை ஒட்டி, மடித்தால் தண்ணீர் பாட்டில் அளவு. தெர்மாரெஸ்ட் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி இந்த ரகம், ஆர்-வேல்யூ 4.5. விலை நம் ஊரில் ஐந்து இலக்கம். மற்ற பிராண்டுகளில் 2லிருந்து 4க்குள் எண் கொண்டவை அதில் பாதிக்கும் கீழே கிடைக்கின்றன. டெகத்லான் கடைகளிலும் உண்டு. படலம் வைத்தவை புரண்டால் சிப்ஸ் பாக்கெட்டைப்போலச் சரசரக்கும். ஒரே கூடாரத்தில் இரண்டு பேர் என்றால் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

எந்தத் தரைக்கு எது

இப்போது ஊர்களுக்கு வருவோம். அதற்கு முன் ஒன்று: தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க அனுமதி கிடையாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபிறகு மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து வனத்துறை வழிகாட்டியோடு போகலாம். அவை பெரும்பாலும் பகலில் போய்த் திரும்பும் பாதைகள். ஆகவே நாம் ராத்திரி படுப்பது தனியார் தோட்டத்து முகாம்கள், அனுமதி உள்ள தங்குமிடங்கள், கோயில் மலைகள், வெளி மாநில மலைகள் ஆகியவற்றில்தான். பாயையும் அதற்கேற்ப யோசிக்கலாம்.

ஏலகிரி, ஜவ்வாது போன்ற மூவாயிரம் நாலாயிரம் அடி மலைகள், கடற்கரை முகாம்கள் இவற்றுக்கு ஆர்-வேல்யூ 2 போதும். கோடையில் அதுகூட அதிகம். ஃபோமின்மேல் கோரைப் பாயை விரித்துக்கொண்டால் முதுகு வியர்க்காது. இங்கே காசை மேட்டில் போடுவதைவிடக் கொசுவலையில் போடுங்கள்.

வெள்ளியங்கிரி தனி ரகம். பிப்ரவரியிலிருந்து மே வரை பூண்டி அடிவாரத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஏழு மலை ஏறுகிறார்கள். மேலே காற்று வெட்டும். நடந்த வியர்வை உறையும்போது பாறையில் உட்கார்ந்தால் குளிர் எலும்பு வரை ஏறும். முழு மேட் சுமை. ஃபோம் மேட்டில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்துப் போங்கள். உட்காரவும், முதுகை மட்டும் கிடத்தவும் ஆகும். புது மேட்டை வெட்ட மனம் வராதவர்களுக்கு: பாரிமுனைப் பக்கம் பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் பார்சலுக்குச் சுற்றும் ஃபோம் ஷீட் கிடைக்கும். அழகாக இருக்காது, ஒரு ராத்திரி தாங்கும்.

ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, கொழுக்குமலை: ஐந்தாயிரத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேல் வரை. மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படியும் என்பது தெரிந்ததே. இங்கே 3லிருந்து 4 வரை வேண்டும். காற்று மேட் ஒன்று, அல்லது இரண்டு ஃபோம் மேட். முகாம் நடத்துபவர்கள் “மேட் நாங்க தருவோம் சார்” என்றால், “எத்தனை சென்டிமீட்டர்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்களுடையதை எடுத்துப் போங்கள்.

இமயமலைப் பனி என்றால் 5க்குக் குறையக் கூடாது. டிசம்பர் கடைசியில் உத்தரகாண்டின் கேதார்கண்டாவுக்குப் போகிறவர்கள் நம் பக்கத்திலிருந்து நிறைய இருக்கிறார்கள். 12,500 அடிச் சிகரம், அதற்குக் கீழே பனிமேல் கூடாரம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி, அப்புறம் டேராடூன், அப்புறம் சாங்க்ரிக்கு ஒரு முழு நாள் சாலை. இவ்வளவு தூரம் போகிறவர் ஃபோமையும் காற்று மேட்டையும் சேர்த்தே எடுத்துப் போவது நல்லது. காற்று மேட் ராத்திரி பஞ்சரானாலும் அடியில் ஃபோம் இருக்கும். பனிமேல் உயிர்காப்பு அதுதான். பெண்களில் பலருக்கு அதே மேட்டில் குளிர் கூடுதலாகத் தெரியும். அவர்கள் என் எண்களோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளட்டும்.

உடம்பும் மேட்டும்

சாதாரண மேட் 183 சென்டிமீட்டர் நீளம், 51 சென்டிமீட்டர் அகலம். அகலத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. 51 என்பது பழைய ரயில் பெர்த்தைவிடவும் குறுகல். மல்லாந்து படுத்தால் முழங்கை தரையில் கிடக்கும். தோள் அகலமானவர்களும் புரண்டு புரண்டு படுப்பவர்களும் 64 அகலத்துக்குப் போகலாம். நூறு கிராம் கூடும், தூக்கம் கெடாது.

ஒருக்களித்துப் படுப்பவரா? இடுப்பெலும்பு எடையெல்லாம் ஒரே இடத்தில் இறங்கும். இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் போதாது. கடையில் ஒருக்களித்துப் படுத்து, இடுப்புக்கும் தரைக்கும் நடுவே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு தரையைத் தொட்டால் அந்த மேட் உங்களுக்கு இல்லை. கடைக்காரப் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

காற்று மேட்டை டிரம்போல விறைக்க ஊதுவது எல்லாரும் செய்யும் தப்பு. விறைக்க ஊதிப் படுத்து, பிறகு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, இடுப்பு லேசாக அமிழும்போது மூடுங்கள். நடுராத்திரி மேட் தளர்ந்தால் உடனே பஞ்சர் என்று பதறாதீர்கள். மாலையில் முப்பது டிகிரியில் ஊதிய காற்று விடியற்காலை ஐந்து டிகிரிக்கு வரும்போது எட்டு சதவீதம் சுருங்கிவிடும். எழுந்து இரண்டு ஊது ஊதினால் சரி.

நம் ஊர்க் காற்றும் பராமரிப்பும்

வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே போகும். சென்னைப் புழுக்கத்தில் அது காயாது. உள்ளே கருப்புப் பூஞ்சை பிடித்து, ஆறு மாதத்தில் மேட்டைத் திறந்தால் அடைமழை வாசம் வரும். மேட்டோடு வரும் ஊதும் பையைப் பயன்படுத்துங்கள். திரும்பி வந்ததும் வால்வைத் திறந்து நிழலில் இரண்டு நாள் விரித்துப் போடுங்கள். தானாக ஊதிக்கொள்ளும் மேட்டைச் சுருட்டி வைக்கவே கூடாது, நுரை நசுங்கியே நின்றுவிடும். கட்டிலுக்கு அடியில் வால்வு திறந்தபடி விரித்து வையுங்கள். ஓட்டு வீட்டுப் பரணிலும் வெயில் படும் மாடி அறையிலும் வைத்தால் ஒட்டுகள் விட்டுப்போய் மேட் நடுவில் பலூன்போல உப்பும். அதற்கு வைத்தியம் கிடையாது.

பஞ்சரைக் கண்டுபிடிப்பது சைக்கிள் கடை முறைதான்: ஊதி, சோப்பு நீரைத் துணியால் தடவி, குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். ஆனால் சைக்கிள் கடைச் சொல்யூஷன் வேண்டாம்; இந்தத் துணியில் அது நாள்பட நிற்பதில்லை. மேட்டோடு வரும் பேட்ச்தான் சரி, அதைப் பையிலேயே வைத்திருங்கள். பஞ்சர் வராமல் இருக்கச் செலவில்லாத வழி: மாநாடு முடிந்து கழற்றிய ஃப்ளெக்ஸை மேட் அளவுக்கு வெட்டி அடியில் விரிப்பது. வழுவழுப்பான பக்கம் மேலே இருந்தால் ராத்திரி மேட் சறுக்கிக் கூடார மூலைக்குப் போய்விடும். சொரசொரப்பான பின்பக்கத்தை மேலே போடுங்கள். தலைவர் முகம் மண்ணைப் பார்த்திருக்கும், அவர் கோபிக்க மாட்டார்.

கடைசியாக ஒன்று. மேட் வாங்கிய அன்று ராத்திரியே, மலைக்காகக் காத்திராமல், வீட்டுத் தரையில் அதைப் போட்டு முழு இரவும் தூங்குங்கள். ஏசி இருந்தால் 18இல் வையுங்கள். காலையில் காற்று இறங்கியிருந்தாலோ, இடுப்பு வலித்தாலோ, மறுநாளே பில்லோடு கடைக்குப் போங்கள். மாற்றிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டு, பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.